ஊசி வேலை செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்கு இரண்டு வைத்தியங்கள் கைகோக்கின்றன. ஒன்று, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி (அல்டிப்ளேஸ் அல்லது டெனெக்டிப்ளேஸ்). மற்றது, பெரும்பாலும் தொடை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் த்ரோம்பெக்டமி. ஊசியைப் போட்டுவிட்டு "அரை மணி நேரம் பார்க்கலாம்" என்று நிற்பதுதான் இதில் நோயாளியைக் கெடுக்கிறது. 2018-ல் வெளியான எக்ஸ்டெண்ட்-ஐஏ டிஎன்கே ஆய்வில், கதீட்டர் போவதற்குள் ரத்த ஓட்டம் திரும்பியது டெனெக்டிப்ளேஸ் பெற்றவர்களில் 22 சதவீதம், அல்டிப்ளேஸ் பெற்றவர்களில் 10 சதவீதம் பேருக்குத்தான். கட்டி நீளமாக இருந்தால் மருந்து உள்ளே ஊடுருவுவதே கஷ்டம்.

அப்படியானால் ஊசியை விட்டுவிடலாமா? கூடாது. 2025-ல் வந்த பிரிட்ஜ்-டிஎன்கே ஆய்வில், அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் இரண்டும் பெற்றவர்கள் 52.9 சதவீதம் பேர் 90-வது நாளில் பிறர் துணையின்றி வாழ்ந்தார்கள். த்ரோம்பெக்டமி மட்டும் என்றால் 44.1.

அளவில்தான் அதிகம் சறுக்குகிறது. 60 கிலோ ஆளுக்கு அல்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி. வீதம் 54 மி.கி.; 5.4 மி.கி. ஒரு நிமிடத்தில், மீதி 48.6 பம்ப் வழியாக ஒரு மணி நேரத்தில். மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. முதல் ஊசி போட்டபின் பம்ப்பை ஓடவிடத் தாமதித்தால் அதன் பலன் வீண், ஏனென்றால் இந்த மருந்து ரத்தத்தில் சில நிமிடங்களில் பாதியாகிவிடும். டெனெக்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.25 மி.கி., அதிகபட்சம் 25. அதே ஆளுக்கு 15 மி.கி., ஒரே ஊசி. இதே மருந்துக்கு மாரடைப்பில் தரும் அளவு கிட்டத்தட்ட இதற்கு இரண்டு மடங்கு. அந்த அட்டவணையைப் பார்த்துப் போட்டால் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து கூடும். குளுக்கோஸ் ஓடிய லைனில் போட்டால் மருந்து திரிந்துவிடும். முன்னும் பின்னும் சலைன் விட்டுக் கழுவுங்கள்.

ரத்த அழுத்தம் ஊசிக்கு முன் 185/110-க்குக் கீழே வர வேண்டும், பிறகு 24 மணி நேரம் 180/105-க்குள். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாக்கும் உதடும் வீங்கலாம். அடிக்கடி வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். 24 மணி நேர ஸ்கேனில் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகே பொதுவாக ஆஸ்பிரின்.

திடீர்த் தலைவலி, வாந்தி, அழுத்தம் எகிறுவது: பம்ப்பை உடனே நிறுத்துங்கள், பிறகு சி.டி.க்கு ஓடுங்கள்.