எங்கள் வீட்டில் கப்பலேறியது மானம் மட்டும்தான்

ஏற்காட்டு மலைப்பாதையில் எட்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டினால் அப்பாவுக்கு வயிற்றைப் புரட்டிவிடும். மொத்தம் 20 வளைவு. மீதிப் பன்னிரண்டையும் ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் பாலித்தீன் பை, கண்ணை இறுக மூடி, ஒரு தவம் போலத்தான் கடப்பார். மேலே ஏரிக்கரையில் இறங்கி முகம் கழுவியதும், ஒன்றுமே நடக்காத மாதிரி, "என்னா காத்து பாரு!" என்பார்.

இந்த மனிதர்தான் கப்பலில் போகவேண்டும் என்றார்.

2019 டிசம்பர் 31-ல் சேலம் இரும்பாலையிலிருந்து ஓய்வு. பொன்னாடை, சந்தன மாலை, ஒரு குடும்பப் படம், அப்புறம் கூட வேலை பார்த்தவர்கள் காசு போட்டு வாங்கிக் கொடுத்த டிராலி பை. கருநீலம், நாலு சக்கரம், நம்பர் பூட்டு. வினையே அந்தப் பைதான். அது நடுக்கூடத்தில் இரண்டு வாரம் நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லாம் "எங்கண்ணா கெளம்பிட்டீங்க?" என்று கேட்க, கிளம்பாமல் இருப்பது அவருக்கே அவமானமாகப் பட்டிருக்க வேண்டும். ஊருக்குப் போகப் பை வாங்குவார்கள். எங்கள் வீட்டில் பைக்காக ஊர் தேடினோம்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் சின்ன டிராவல்ஸ் ஆபீஸ். சுவர் முழுக்க வெள்ளைக் கப்பல் போஸ்டர். கப்பலின் மொட்டை மாடியில் நீச்சல் குளம், குளத்துக்குப் பக்கத்தில் சறுக்குமரம். அந்த டிராவல்ஸ் தம்பி சொன்னார்: "சிங்கப்பூர்ல ஏறுறீங்க சார். மூணு ராத்திரி. திரும்ப சிங்கப்பூர்லயே இறங்குறீங்க. கப்பல் கெளம்புனதே தெரியாது. நம்ம ஜங்ஷன் பிளாட்பாரம் மாதிரி ஆடாம அசையாம நிக்கும்."

அப்பா கேட்ட ஒரே கேள்வி: "வளைவு இருக்குமா?"

"கடல்ல ஏது சார் வளைவு!"

இரண்டு பேருக்கு முன்பணம் 40,000 ரூபாய். பயணம் 2020 மே. ரசீதை அப்பா மடிக்காமல் பைக்குள் வைத்துப் பூட்டினார்.

பிப்ரவரியில் டிவியில் கப்பல் வந்தது. அப்பா ஆசை ஆசையாகத்தான் சத்தத்தைக் கூட்டினார். யோகோஹாமா துறைமுகத்தில் டைமண்ட் பிரின்சஸ். உள்ளே 3,711 பேர். யாரும் இறங்கக் கூடாது, அறையை விட்டு வெளியே வரக் கூடாது. தினமும் எண்ணிக்கை ஏறி, கடைசியில் 700 பேருக்கு மேல் தொற்று. அதில் வேலை பார்த்த நம்மூர்ப் பையன்கள் வேறு, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று வீடியோ போட்டார்கள். அம்மா அரிவாள்மனையில் வாழைப்பூ நறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, நீங்க காசு கட்டுனது இதுக்கா?"

"அது வேற கம்பெனி."

"கப்பல் கப்பல்தானே?"

அந்தச் செய்தியில் ஒரு விவரம் அம்மாவின் மனதில் ஆணி அடித்தது போல இறங்கிவிட்டது. கப்பலில் ஜன்னலே இல்லாத உள்ளறைகள் உண்டு, விலை குறைவு, அதில் மாட்டியவர்களை அவ்வப்போது கொஞ்ச நேரம் மட்டும் மேல்தளத்தில் காற்று வாங்க விட்டார்கள். நாங்கள் எடுத்திருந்தது எந்த அறை என்று சொல்லவேண்டியதில்லை. அன்று முதல் அம்மாவுக்கு இது சுற்றுலா இல்லை, சிறைவாசம். அதற்கான முன்னேற்பாட்டில் இறங்கினார். மூணு ராத்திரி பயணம், 14 நாள் அடைப்பு, ஆக 17 நாள். ஒருவேளைக்கு ஒரு கரண்டி வீதம் பருப்புப் பொடி எவ்வளவு என்று கணக்குப் போட்டு, இரண்டரைக் கிலோ துவரம்பருப்பை வறுத்தே விட்டார். அந்தப் பொடியைத்தான் அப்புறம் ஊரடங்கு முழுக்கத் தின்றோம். கப்பலால் எங்களுக்கு நேர்ந்த நன்மை என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

மார்ச் 23-லிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது என்றார்கள். அடுத்த இரண்டாவது நாள் எதுவுமே கிடையாது என்றாகிவிட்டது. கப்பல் கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. பயணம் ரத்து. பணம் திரும்ப வேண்டுமா, அல்லது கட்டிய தொகையில் 125 சதவீதத்தை வரவு வைத்துக்கொண்டு 2021 முடிவதற்குள் இன்னொரு கப்பலில் வருகிறீர்களா?

இதற்கு வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. நான் பணத்தைக் கேட்கச் சொன்னேன். ஆனால் 40,000 என்பது 50,000 ஆகிறது என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "சேட்டு கடைல வச்சாக்கூட இத்தன மாசத்துல பத்தாயிரம் வராதுடா." கப்பலே வேண்டாம் என்று ஒரு மாதமாகப் புலம்பியவர், வட்டிக்காகக் கப்பலில் ஏறத் தயாரானார்.

சரி, நிலவரம் என்ன என்று விசாரிக்க, ஜூன் மாதம் தளர்வு கிடைத்த ஒரு நாள் டிராவல்ஸுக்குப் போனேன். அதே மாடி. அதே போஸ்டர். கீழே, சறுக்குமரத்துக்கு நேர் கீழே, வைக்கோல் பரப்பி மாம்பழப் பெட்டிகள். மல்கோவா ஒரு வரிசை, குண்டு ஒரு வரிசை. மேசை மேல் சானிடைசர் கேன், முகக்கவசக் கட்டு. தம்பி தராசில் நிறுத்துக்கொண்டே பேசினார். "சிங்கப்பூர் தொறக்கட்டும் சார், மொத டிக்கெட் நம்மளுதுதான். மாமா தோட்டத்துப் பழம், கல்லு வைக்காதது. ஒரு பெட்டி போடட்டா?" போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் பழம் பழுக்க வைக்க இடமில்லை. அம்மா டிராலி பையைத் திறந்தார், ரசீதை எடுத்து அலமாரியில் வைத்தார், உள்ளே வைக்கோலைப் பரப்பினார். நம்பர் பூட்டோடு மாங்காய் பழுக்க வைத்த குடும்பம் சேலத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

செப்டம்பரில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் தேவையில்லை என்று அறிவித்தார்கள். அப்பா உற்சாகமாகிவிட்டார். ஏற்காடு போய் வரலாம், வயிறு எப்படி இருக்கிறது என்று ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்றார். எலுமிச்சம்பழம், பாலித்தீன் பை, அவோமின் மாத்திரை சகிதம் கிளம்பினோம். அடிவாரம் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கை காட்டினார். ஏற்காடு, நீலகிரி, கொடைக்கானல் மூன்றுக்கும் இ-பாஸ் இன்னும் உண்டாம்.

"நாங்க சேலம்தாங்க," என்றேன்.

"அதுக்கு ஏதாச்சும் அடையாளம் இருக்குங்களா?"

அப்பா சட்டைப் பையிலிருந்து பெருமையாக எடுத்து நீட்டினார். பாஸ்போர்ட். ஆதார் வீட்டில் இருந்தது. பாஸ்போர்ட்டை மட்டும் ஜனவரியிலிருந்து பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார் என்பது அன்றுதான் எங்களுக்கே தெரியும். போலீஸ்காரர் புரட்டிப் பார்த்தார். ஒரு முத்திரைகூட இல்லாத புத்தகம். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பெரியவரே, இத வச்சு நீங்க சிங்கப்பூர் போகலாம். ஏற்காடு போக முடியாது."

முதல் வளைவுகூடப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினோம். வரும் வழியில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். கேரட், பீட்ரூட் துருவலோடு தட்டு மேல் தட்டு வைத்துக் கொடுத்ததை மென்றுகொண்டே அப்பா, "நல்லவேள, வாந்தி வரல," என்றார்.

நவம்பரில் சிங்கப்பூரில் கப்பல் விட்டார்கள். ஆனால் எந்த ஊருக்கும் போகாத கப்பல். கிளம்பி, நடுக்கடலில் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே திரும்பும். அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். டிசம்பரில் அதிலும் ஒரு கூத்து. குவாண்டம் ஆஃப் த சீஸ் என்ற கப்பலில் 83 வயதுப் பெரியவர் ஒருவருக்குத் தொற்று என்று கப்பலைத் திருப்பி, 1,600-க்கும் மேற்பட்ட பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். மறுபடி மறுபடி சோதித்தால், அவருக்குத் தொற்றே இல்லை! அம்மா உடனே எனக்கு உத்தரவிட்டார்: "தம்பிக்கு போன் போடு. ஜன்னல் வச்ச ரூமு கேளு. பால்கனி இருந்தா இன்னும் நல்லது. வத்தல் காயப்போடலாம்." பால்கனி அறைக்கு மேற்கொண்டு 30,000 ஆகும் என்றார் தம்பி. 10,000 லாபத்துக்காக 30,000 கட்டுவதா என்று வீடு இரண்டுபட்டது.

இதற்கிடையில் தெரு சும்மா இருக்குமா? பால்காரர், இஸ்திரிக்காரர், எதிர்வீட்டு அக்கா, பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே: "கப்பல் எப்போ?" கொரியர் பையன் ஒருநாள் வழி கேட்டபோது மளிகைக் கடை அண்ணன் "அந்தக் கப்பக்காரரு வீடு" என்று காட்டியிருக்கிறார். நாங்கள் ஏறவில்லை, மானம் மட்டும் பயணம் முடித்துத் திரும்பியே வந்துவிட்டது.

2021 மே மாதத்தில் யாரும் கப்பல் பேச்சை எடுக்கவில்லை. தெருவில் இரண்டு வீடுகளில் பந்தல் போட்டார்கள், சாமியானாவுக்குக் கீழே நாலு பேருக்கு மேல் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

தடுப்பூசியில் புதுச் சிக்கல். அப்பா போன அன்று சுகாதார நிலையத்தில் கோவாக்சின்தான் இருந்தது. அம்மா போன அன்று கோவிஷீல்டு. வீட்டுக்கு வந்து கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தபோது யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, கோவாக்சினை உலக சுகாதார நிறுவனம் இன்னும் பட்டியலில் சேர்க்கவில்லை. பல நாடுகள் அதை ஏற்பதில்லை. 84 நாள் காத்திருந்து அம்மா இரண்டாவது ஊசியும் போட்டுவிட்டார். ஒரே வீடு, ஒரே கட்டில். அதில் ஒரு பாதிக்கு மட்டும் உலகம் திறந்திருந்தது.

"அப்ப நான் மட்டும் போய்ட்டு வந்துரட்டுங்களா?" என்றார் அம்மா. விளையாட்டாகத்தான். ஆனால் கேட்டுவிட்டு அப்பாவின் முகத்தை ரசித்த விதத்தில் முப்பத்திரண்டு வருடக் கணக்கு ஒன்று தீர்ந்தது தெரிந்தது.

சான்றிதழில் இன்னொரு பஞ்சாயத்து. பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயர் முழுசாக, குலதெய்வத்தின் பெயரும் சேர்த்து, 19 எழுத்து. தடுப்பூசிச் சான்றிதழில் வெறும் இனிஷியல். "சிஸ்டம் இவங்கள ரெண்டு வேற ஆளுன்னு நெனைக்கும் சார்," என்றார் தம்பி. தாத்தா போய் இருபது வருடம். அவர் பெயரைச் சுருக்கியதால் அவர் மகன் கப்பலேற முடியாது! கோவின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்த்து, பெயரைத் திருத்தி, நான் நாலு ராத்திரி ஓடிபிக்காகக் கண் விழித்தேன்.

நவம்பர் 3-ல் கோவாக்சினுக்கு அங்கீகாரம் வந்தது. அப்பா தீபாவளிக்கு முந்தின நாளே ஒரு சரம் வெடித்தார். நவம்பர் 29 முதல் தடுப்பூசி போட்டவர்கள் சென்னையிலிருந்து தனிமைப்படுத்தல் இல்லாமல் சிங்கப்பூருக்குப் பறக்கலாம் என்றும் அறிவிப்பு. பை திரும்ப நடுக்கூடத்துக்கு வந்தது. உள்ளே இன்னும் மாம்பழ வாசனை. நவம்பர் 26-ல் ஓமைக்ரான் என்று ஒரு பெயரைச் சொன்னார்கள். டிசம்பர் 22-ல் சிங்கப்பூர் அந்த டிக்கெட் விற்பனையை நிறுத்தியது. 30-ஆம் தேதி அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், ஊசி போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி, கப்பல் பக்கம் போகாதீர்கள் என்றது. எங்கள் வரவு காலாவதியாக ஒரே நாள் பாக்கி. கம்பெனி இன்னும் ஒரு வருடம் நீட்டித்தது. பை பரண் மேல் போனது.

ஆனால் கதையின் உண்மையான சிக்கல் 2022 மார்ச் 27-ல்தான் வந்தது. வெளிநாட்டு விமானங்கள் பழையபடி ஓடத் தொடங்கின. ஊசி ஆச்சு. பெயர் ஆச்சு. வரவு இருக்கிறது. தடை என்று சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம்.

"வெயில் தணியட்டும்," என்றார்.

அப்புறம், "ஊர்த் தேர் முடியட்டும்." அப்புறம், இருமல். ஜூன் 4-ஆம் தேதி சென்னையிலிருந்தே ஒரு சொகுசுக் கப்பலை முதல்வர் கொடியசைத்து அனுப்பினார். அடுத்த வாரம் அதைப் புதுச்சேரி கரைக்கு விடவில்லை என்று செய்தி. அப்பா பேப்பரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே ஓடிவந்தார். "பாத்தியா! பாண்டிச்சேரிக்கே விடலயாம். சிங்கப்பூர்ல எப்படி விடுவான்?"

அந்த முகத்தில் வருத்தமே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்ட பையனின் முகம் அது. அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்தார்.

"என்னங்க, நெஜத்தச் சொல்லுங்க. வாந்திக்குத்தானே பயப்படுறீங்க?"

கொஞ்ச நேரம் பேப்பரை மடித்தார். "கப்பல்ல வாந்தி எடுத்தா டெஸ்ட் எடுப்பாங்களாம்ல?" என்றார்.

இரண்டரை வருடமாக ஒவ்வொரு அலையும் அந்த மனிதரைக் காப்பாற்றியிருக்கிறது!

பணத்தைக் கேட்டு எழுதினேன். மூணே வாரத்தில் வந்துவிட்டது. சுளையாக 40,000. வரவு என்றால்தான் 125 சதவீதம், ரொக்கம் என்றால் கட்டியது மட்டும் என்று மெயிலில் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததாம். அம்மா பேங்க் மெசேஜை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "மிச்சம் பத்தாயிரம்?"

தம்பியை வீட்டுக்கு வரச் சொன்னார். அவரும் பாவம், வெறும் கையோடு வரக்கூடாது என்று சீசன் கடைசி மல்கோவா ஒரு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "கம்பெனி தரலன்னா என்னங்கம்மா, நான் தர்றேன். வச்சுக்குங்க." சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னது. அம்மா காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"பெட்டி பத்து கிலோவா தம்பி?"

"ஆமாங்கம்மா."

"கிலோ நூத்தி இருவத்தஞ்சுன்னு வைங்க. ஆயிரத்தி இருநூத்தி அம்பது. பத்தாயிரத்துக்கு எட்டுப் பெட்டி. ஒண்ணு வந்துருச்சு."

தம்பி காபியை மெதுவாகக் கீழே வைத்தார். "மீதி ஏழயும் அடுத்த சீசனுக்கு வரவு வச்சுக்கலாங்கம்மா."

அதுவரை வாயே திறக்காமல் பரணிலிருந்து டிராலி பையை இறக்கி வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த அப்பா, திரும்பாமலே சொன்னார்:

"எழுதி வாங்கிக்க. எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு கேளு."