பந்தல் வாசலில் நின்ற நாட்கள்

ஜனவரி 14, 2025, செவ்வாய்

இந்த வருடம் பொங்கலும், கர்நாடக சங்கீத மேதை தியாகராஜரின் நினைவாக நடக்கிற தியாகராஜ ஆராதனையும் ஒரே நாளில் தொடங்குகின்றன. காலையில் வீட்டில் பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டுவிட்டு, சாயங்காலத்துக்குள் திருவையாறு பந்தலுக்கு வந்துவிட்டேன். சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ் கொடுத்தார்கள். வாசல் பக்கம் என் பொறுப்பு. வருகிறவர்களை உட்கார வைக்க வேண்டும், நடுவில் நடக்கிற வழியை யாரும் அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கீழே உட்கார முடியாத பெரியவர்களுக்கு நாற்காலி தேடித் தர வேண்டும்.

ஜனவரி 15

இங்கே மேடை இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் பாடி முடிப்பதற்குள் அடுத்ததில் தம்பூரா சுருதி சேர்த்துத் தயாராக இருக்கிறார்கள், பெரிய வித்வானுக்கும் கொஞ்ச நேரம்தான், நேற்று அரங்கேறிய பிள்ளைக்கும் கொஞ்ச நேரம்தான். அதனால் ஆட்கள் எழுந்து போவதும் வருவதுமாகவே இருப்பார்கள். பாட்டு முடிகிற வரை ஓரமாக நிறுத்தி வைத்து, கைதட்டல் வரும்போது மடமடவென்று உள்ளே அனுப்பினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் நடக்கும்போது எழுந்து போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது, மிருதங்கக்காரர் அந்தச் சில நிமிடங்களுக்காக எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருப்பார்!

ஜனவரி 16, காணும் பொங்கல்

இன்றைக்கு நடந்ததை விரிவாகவே எழுத வேண்டும்.

காவிரியில் தண்ணீர் ஓடுகிறது, அதனால் புஷ்ய மண்டபப் படித்துறைப் பக்கம் மதியத்திலிருந்தே நல்ல கூட்டம். சுற்று வட்டார ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றோடு வந்தவர்கள். அவர்களில் பலர் பாட்டுச் சத்தம் கேட்டுப் பந்தல் வரைக்கும் வந்து, வெளியிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஏன் உள்ளே வரவில்லை என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். "டிக்கெட் எவ்வளவு தம்பி?" என்றார். டிக்கெட்டே கிடையாது, எல்லோரும் வரலாம் என்று சொன்னதும் கூட வந்த மருமகளைப் பார்த்தார். "எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? படிச்சவங்க உக்காந்துருக்காங்க" என்று மருமகள் தயங்கினார். பத்து மைல் சுற்றளவில் நாற்று நட்டு, களை பறித்து, காலமெல்லாம் இந்த ஊர்க் காற்றில் இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் இப்படிச் சொல்வது எனக்குத் தாங்கவில்லை. நடுப்பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்தேன். நாகஸ்வரம் முறை வந்ததும் அந்த அம்மா தொடையில் தாளம் போட ஆரம்பித்தார், ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. கோயில் திருவிழாவில் சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பார், வேறென்ன?

கிளம்பும்போது, தியாகராஜர் சமாதிக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கிற சிலை யாருடையது என்று கேட்டார். பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று சொன்னேன். 1847இல் மறைந்த சுவாமிகளின் சமாதி புதர் மண்டிக் கிடந்ததைக் கேள்விப்பட்டு, 1920களில் தன் சொத்தைப் போட்டு இந்த இடத்தை வாங்கிக் கோயில் எழுப்பிய தேவதாசி குலத்து அம்மா அவர். அப்படிக் கட்டியவரையே, பெண் என்பதால் ஆராதனையில் பாடக் கூடாது என்றார்கள். அவர் விட்டுப் போகவில்லை, பெண் கலைஞர்களைத் திரட்டி வந்து சமாதிக்குப் பின்பக்கம் தனியாக ஆராதனை நடத்தினார். ஆராதனையைத் தனித்தனியாக நடத்திவந்த கட்சிகளெல்லாம் ஒன்றாகிப் பெண்களும் சேர்ந்து பாட 1940 வாக்கில்தான் வழி பிறந்தது. கேட்டுவிட்டு அந்த அம்மா நேரே போய் அந்தச் சிலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்.

ஜனவரி 17

நாளைக்கான கயிறு, ஜமுக்காளம், தண்ணீர் கேன் வேலையிலேயே பொழுது போய்விட்டது. ராத்திரி பந்தலிலேயே தூங்கப் போகிறேன்.

ஜனவரி 18, சனி, பகுள பஞ்சமி (தியாகராஜர் மறைந்த திதி)

விடியும் முன்பே இடம் பிடிக்க வந்துவிட்டார்கள். திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த வீட்டிலிருந்து, பாடியபடி வீதியில் பிச்சை ஏற்று வரும் உஞ்சவிருத்தி பஜனை வந்து சேர்ந்தபோது உள்ளே எள் போட இடமில்லை. பாடுகிறவர்கள் சமாதிக்கு முன்னால் எதிரெதிராக வரிசை பிடித்துத் தரையில் உட்கார, புல்லாங்குழல்களில் 'சேதுலாரா' எழும்பியது, பைரவி ராகம். அப்புறம் பஞ்சரத்தினம், ஐந்து ராகங்களில் தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள்: நாட்டையில் 'ஜகதானந்தகாரக', கௌளை, ஆரபி, வராளி, கடைசியில் ஸ்ரீராகத்து 'எந்தரோ மகானுபாவுலு'. இத்தனை நூறு குரல்கள் சேர்ந்து ஒரே சுருதியில் நிற்பதை நேரில் கேட்க வேண்டும், டிவியில் பார்ப்பது அதில் கால்வாசிகூட இல்லை.

தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு சங்கடம். பாஸ் வைத்திருந்த சிலர் தாமதமாக வந்து, முன்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு வயதான தம்பதியை எழுப்பச் சொன்னார்கள். விடியற்காலையிலேயே வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். நான் எழுப்பவில்லை. வந்தவர்களைப் பக்கவாட்டில் கொஞ்சம் நெருக்கி உட்கார வைத்தேன், ஒருவர் முணுமுணுத்தார், சரி, முணுமுணுக்கட்டும். நாகரத்தினம்மாள் கட்டிய இடத்தில், இன்னார் என்று பார்த்து ஒருவரை எழுப்ப என்னால் முடியாது.

ராத்திரி ஆஞ்சநேயர் உற்சவம் முடிந்து பந்தல் காலியானதும் வாசலைக் கவனிக்கிற பெரியவரைப் பிடித்தேன். அடுத்த வருடம் படித்துறைப் பக்கம் பார்த்த மாதிரி பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும், அனுமதி இலவசம், எல்லோரும் உள்ளே வந்து உட்காரலாம் என்று, அவ்வளவுதான் கேட்டேன். "எழுதிக் குடுங்க தம்பி, கமிட்டில வைக்கிறேன்" என்றார். அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் தஞ்சாவூர் பஸ் ஏறினேன்.