ஏழு தலை விழுந்த தாள்

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்தத் தொடங்கியபோது சராசரி, திட்டவிலக்கம், டி-சோதனை என்று சூத்திரங்களாகவே நடத்திக்கொண்டு போனேன். மாணவர்களும் நன்றாகக் கணக்குப் போட்டார்கள். ஒருமுறை விடைத்தாள் திருத்தும்போது, சோதனையின் முடிவில் கிடைக்கும் பி-மதிப்பு என்ற எண்ணை 0.03 என்று சரியாகக் கண்டுபிடித்த மாணவி அதன் கீழே, "ஆகவே இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க வாய்ப்பு 3 சதவீதம்" என்று எழுதியிருந்தார். விளைவோ வேறுபாடோ எதுவும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வதைத்தான் இன்மைக் கருதுகோள் என்கிறோம். அந்த விடைத்தாள் கட்டில் இருந்த பாதித் தாள்களில் அதே தவறான வாக்கியம். கணக்குக்கு முழு மதிப்பெண் போட்டேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. யோசிக்க நான் அவர்களுக்கு இடமே கொடுத்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் கரும்பலகையைத் தொடவில்லை. வகுப்பில் பாதிப் பேர் நாணயத்தை 100 முறை சுண்டி, பூவா தலையா என்று எழுத வேண்டும். மீதிப் பேர் நாணயமே இல்லாமல், சுண்டியதுபோல மனத்திலிருந்து எழுத வேண்டும். யார் எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்லக் கூடாது. தாள்களை வாங்கி, "இது நாணயம், இது கற்பனை" என்று பிரித்து வைத்தேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. எல்லோரும் எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

வழி எளிதுதான். 100 முறை சுண்டினால் எங்காவது ஓரிடத்தில் ஒரே பக்கம் தொடர்ந்து ஐந்து முறையாவது விழ ஏறத்தாழ 97 சதவீத வாய்ப்பு உண்டு. மனத்திலிருந்து எழுதுகிறவர்களுக்கு மூன்று தலை வந்ததுமே கை தானாகப் பூவுக்குப் போய்விடும்.

அப்போது ஒரு மாணவர் தன் தாளைக் காட்டினார். தொடர்ந்து ஏழு தலை. "நாணயத்திலேயே ஏதோ கோளாறு இருக்கு சார்" என்றார். நான் பதில் சொல்லாமல் மற்ற நாணயத் தாள்களைப் பார்க்கச் சொன்னேன். ஏறக்குறைய பாதித் தாள்களில் ஏழோ அதற்கு மேலோ நீண்ட தொடர் ஒன்று இருந்தது. "சரி, நாணயம் ஒழுங்கானது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இப்படி விழுவது எவ்வளவு அரிது?" என்று கேட்டேன். நாணயம் ஒழுங்கானது என்பதே இங்கே இன்மைக் கருதுகோள்; பி-மதிப்பு பதில் சொல்வது இந்தக் கேள்விக்குத்தான். "நாணயம் ஒழுங்கானதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?" என்பது வேறு கேள்வி. அதற்கு, சுண்டுவதற்கு முன்பே அந்த நாணயத்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கித்தான் அந்த 3 சதவீத வாக்கியம் பிறக்கிறது. ஆய்வாளர்களே இதில் தடுமாறுகிறார்கள். 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் பி-மதிப்பைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது.

அப்புறம், படம் வரையாமல் யாரையும் கணக்கைத் தொட விடுவதில்லை. 1973-இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் தந்த நான்கு தரவுத் தொகுதிகளை இதற்குப் பயன்படுத்துகிறேன். நான்கிலும் சராசரிகள் ஒன்றே; இரண்டு அளவுகள் எவ்வளவு நேர்கோட்டில் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவும் 0.816. வரைந்தால் ஒன்று வளைகோடு; இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளிதான் கோட்டையே சாய்த்து வைத்திருக்கிறது. வரைந்து முடித்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

இப்போது தேர்வில் கணக்கைவிட, முடிவைச் சொல்லும் வாக்கியத்துக்கே அதிக மதிப்பெண். அந்த 3 சதவீத வாக்கியம் இன்னும் வருகிறது. அடித்துவிடாமல், "இது நாணயத்திடம் கேட்ட எந்தக் கேள்விக்கான பதில்?" என்று பக்கத்தில் எழுதித் திருப்பிக் கொடுக்கிறேன். பலர் திருத்தி எழுதிக்கொண்டு அறைக்கே வந்து காட்டுகிறார்கள்.