பி-ஆன்கா பாசிட்டிவ்: மூன்று இரவும் ஒரு யூரின் ரிப்போர்ட்டும்

ஐந்து மாதமாகச் சைனஸ் என்று நினைத்து மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூக்கில் பொருக்கு, அடிக்கடி ரத்தக்கசிவு, அப்புறம் முழங்கால் வலி. ரத்தக்குழாய் அழற்சியா என்று பார்த்துவிடலாம் என ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு, தன்னெதிர்ப்பு நோய் டாக்டர்) டெஸ்டுகள் எழுதித் தந்தார்: நம் வெள்ளையணுக்களையே எதிர்க்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்கா, செல்லின் உட்கருவை எதிர்க்கும் ஆன்டிபாடியைப் பார்க்கும் ஏஎன்ஏ, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், அப்புறம் யூரின்.

ரத்தம் கொடுத்ததில் சொல்ல ஒன்றுமில்லை. ஆன்காவுக்கு வெறும் வயிறு தேவையில்லை. அது தெரியாமல் பட்டினியாகப் போய் நின்றேன்.

'பி-ஆன்கா பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று நாள். அந்த மூன்று இரவும், இந்த அழற்சி சிறுநீரகத்தையும் தாக்கலாம் என்று செல்போனில் படித்துப் படித்தே என் சிறுநீரகங்களுக்குக் கருமாதி செய்துவிட்டேன்.

அவரோ அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு யூரின் ரிப்போர்ட்டைத்தான் முதலில் எடுத்தார். சிவப்பணு இல்லை, புரதம் இல்லை. கிரியேட்டினினும் சரி. அதற்கப்புறம்தான் ஆன்காவுக்கு வந்தார்.

எனக்குச் செய்திருந்தது ஒளிரும் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முறை. கண்ணாடித் தகட்டில் ஆல்கஹாலால் பதப்படுத்திய நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் இருக்கும். அதன் மேல் நம் சீரத்தை (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை) விடுவார்கள். அணுவின் உடல் முழுக்க மின்னினால் சி-ஆன்கா, உட்கருவைச் சுற்றி மின்னினால் பி-ஆன்கா. சிக்கல் என்னவென்றால், ஏஎன்ஏ இருந்தாலும் உட்கரு மின்னும். எனக்கு ஏஎன்ஏவும் பாசிட்டிவ். ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு நிறைய.

சந்தேகம் தீர, நியூட்ரோஃபிலில் இருக்கும் எம்பிஓ, பிஆர்3 என்ற இரண்டு புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தனித்தனியாக எலிசா என்ற ரத்தப் பரிசோதனையில் அளக்கச் சொன்னார். 2017-இல் வந்த சர்வதேச ஒருமித்த பரிந்துரையே இந்த இரண்டையும்தான் முதலில் பார்க்கச் சொல்கிறதாம். அப்படியானால் என் மூன்று இரவுத் தூக்கம்? அதை யாரிடம் கேட்பது! ரத்தம் கொடுக்கும் முன், எந்த முறையில் செய்கிறீர்கள் என்று லேபில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போடும் மாத்திரைகளையும் ஒன்றுவிடாமல் விசாரித்தார். ஹைட்ராலசின் என்ற பிரஷர் மாத்திரை, தைராய்டுக்கான புரோபில்தயோயுராசில் போன்றவையும் ஆன்காவைக் கிளப்பிவிடுமாம். நான் அவை எதுவும் சாப்பிடவில்லை.

எம்பிஓ, பிஆர்3 இரண்டுமே நெகட்டிவ் என்று வந்தது. துள்ளிக் குதிக்கப் போனவனை உட்கார வைத்தார்: ஆன்கா நெகட்டிவாக இருந்தும் இந்த நோய் சிலருக்கு வருவதுண்டு, பாசிட்டிவ் என்றாலும் பெரும்பாலும் பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். ஏஎன்ஏ ஏன் பாசிட்டிவ் என்பது வேறு கதை. அதற்கான டெஸ்டுகள் இனிமேல்தான். மூக்கிலிருந்து சதை எடுத்துப் பார்த்தாயிற்று, ரத்தக்குழாய் அழற்சி இல்லை. ஆனாலும் மாதாமாதம் யூரின் டெஸ்ட் உண்டு. அடுத்தது வரும் திங்கட்கிழமை.