கல்லெழுத்து படிக்க வெயில் பார்த்துப் போக வேண்டும்

போன ஆடியில் தொடங்கினேன். புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்வெட்டுகளை, யாரோ அச்சில் போட்டதைப் பார்க்காமல், கல்லின் முன் நின்று நானே எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும் என்று ஆசை. சின்ன மாவட்டம்தான், ஆனால் எந்தப் பாறையைச் சுற்றி வந்தாலும் ஓர் எழுத்து கண்ணில் படும்.

முதலில் போனது நார்த்தாமலை. விசயாலய சோழீச்சரம் என்ற சிவன் கோயிலின் வாயிற்காவலர் சிற்பத்தின் அடியில் உள்ள வரிகளுக்காக. காலை பத்து மணிக்கெல்லாம் ஏறிவிட்டேன். கல்லில் ஒன்றுமே தெரியவில்லை. கண்ணை இடுக்கி, போனில் படம் பெரிதாக்கி, அரை மணி நேரம் போனது. அங்கிருந்த பெரியவர் பக்கத்தில் வந்து, "இப்ப எங்க தம்பி தெரியும்? உச்சி சாயட்டும், அப்புறம் பாருங்க" என்றார்.

காத்திருந்தேன். எதிரே பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயிலில் பன்னிரண்டு திருமால் சிற்பங்களும் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வெயில் மேற்குச் சுவரை உரசிக்கொண்டு இறங்கத் தொடங்கியிருந்தது. கோயில் மேற்குப் பார்த்தது. எழுத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழுந்து, வரி எழுந்து நின்றது. 'கற்றளி' என்று கூட்டிப் படித்தேன், கல்லால் கட்டிய கோயில் என்று பொருள். கொஞ்சம் தள்ளி 'மழை'. சாத்தன் பூதி எடுப்பித்த கற்றளி மழையில் இடிந்து அழிய, மல்லன் விதுமன் புதுக்கினான் என்பது செய்தி. பெயரில் சோழன் இருந்தாலும் எடுப்பித்தவன் முத்தரையர் குலத் தலைவன் என்று பலர் சொல்வது இந்த வரியை வைத்துத்தான். அந்த 'மழை' என்ற சொல்லை விரலால் தொடாமல் நின்றது கஷ்டமாக இருந்தது.

அன்று முதல் ஒரு நோட்டில் சுவரின் திசையையும் நேரத்தையும் எழுதி வைக்கிறேன். தெற்குச் சுவர் என்றால் மார்கழி, தையில் காலை வெயில். நிழலில் இருக்கும் சுவருக்கு டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் போதும். சுண்ணாம்போ மாவோ தடவிப் படிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம், கல் கெட்டுப்போகும்.

வெளிச்சத்தைவிட எழுத்துதான் அதிகம் அலைக்கழித்தது. புள்ளி பெரும்பாலும் கிடையாது. எகர ஏகார வேறுபாடு கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். 'கர'வா 'கா'வா என்பதைச் சொல்லின் பொருளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புரட்டாசி முழுக்க இரவில் எழுதிப் பழகிய பிறகுதான் அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லும் 'யாண்டு', 'ஆவது' இரண்டும் பார்த்தவுடன் பிடிபட்டன.

சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்ற குகையில் தோற்றேன். சமணத் துறவிகளின் வழவழவென்ற கற்படுக்கைகள், பக்கத்திலேயே மிகப் பழைய எழுத்தான தமிழ் பிராமி. 'இளயர்' என்ற ஒரு சொல்லுக்கு மேல் நகர முடியவில்லை. அந்த ஊரிலேயே உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் தாமரைக்குளத்து ஓவியத்தைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டேன்.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டு கிரந்தம், அதாவது தமிழகத்தில் வடமொழியை எழுதப் பயன்பட்ட எழுத்து. சுரங்கள் பத்தி பத்தியாகப் பாறையில் இறங்குகின்றன. அதற்கான படிப்பு எனக்கு இல்லை. ஆனால் முடிவில் தமிழில் 'எட்டிற்கும் ஏழிற்கும்' என்று வருகிறது. அதை மட்டும் வாய்விட்டு மூன்று தடவை படித்தேன்.

இப்போது கிரந்த எழுத்து பழகுகிறேன், ஒரு நாளைக்கு நான்கு எழுத்து. கொடும்பாளூர் மூவர் கோயிலில் நடுக்கோயிலின் தெற்குச் சுவரில் இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரியின் முன்னோர் வரிசை கிரந்தத்தில் இருக்கிறது. தனக்கும் கற்றளி, வரகுணை என்ற இரு தேவியருக்கும் அவன் எடுத்த மூன்றில் இரண்டுதான் நிற்கின்றன. வடக்கில் அடித்தளம் மட்டும். தையில் முதல் பஸ் பிடித்துப் போக வேண்டும், ஏழரைக்குள் அந்தச் சுவர் முன்னால் நிற்க.