ஆனி மாதத்து வடக்கு வெயில்

ஒன்பது வருடமாக நான் எடுக்கிற படங்களில் முக்கால்வாசி சாக்கடைப் படங்கள்தான். மழைநீர் வடிகால், பேவர் பிளாக் நடைபாதை, சிறுபாலம், பயணியர் நிழற்குடை, கட்டணக் கழிப்பிடம் எல்லாம் இதில் அடக்கம். மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமும் ஒப்பந்ததாரர்கள் வேலை எடுத்தால், ஆரம்பிக்கும் முன்னால் ஒன்று, நடக்கும்போது ஒன்று, முடிந்த பிறகு ஒன்று என்று படம் வைத்தால்தான் பில் நகரும். அதை எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதற்கு முன் சிம்மக்கல் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதங்களின் கைச்செலவுக்கு இதில் இறங்கினேன், அப்புறம் இதுவே தொழிலாகிவிட்டது.

பில் படத்துக்குச் சட்டதிட்டம் உண்டு. நேர் எதிரே நிற்க வேண்டும். டேப் விரித்து, அதில் இருக்கும் எண் தெரிய வேண்டும். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் படத்தின் அடியில் பதிய வேண்டும். நிழல் விழக்கூடாது, ஆள் குறுக்கே வரக்கூடாது. முதல் மாதமே ஒரு சைட் இன்ஜினீயர் என் படத்தைத் திருப்பி அனுப்பினார். "அண்ணே, வடிகாலைக் காணோம், ஆட்டுக்குட்டிதான் தெரியுது." உண்மைதான். புதிதாகப் பூசிய சிமெண்ட் விளிம்பில் ஒரு குட்டி நின்றது, அதன் காது வழியாகக் காலை வெயில் சிவப்பாக ஊடுருவியது. நான் அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பில்லுக்கான படத்தை முதலில் முடித்துவிடுவேன். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்ட பிறகு, அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அந்த அரைமணியில் கிடைத்தவைதான் இத்தனை வருடத்தில் நான் எடுத்த நல்ல படங்கள் அத்தனையும்.

மீனாட்சியம்மன் கோபுரத்தையும் திருமலை நாயக்கர் மகால் தூண்களையும் எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவற்றை 1858-லேயே லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி அருமையாக எடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். இடங்களை ஆவணமாக்குவது அவர் வேலை, ஒரு வகையில் என் வேலையும் அதுதான். ஆனால் அவர் மதுரைப் படங்களில் என்னை நிறுத்தி வைப்பது கோபுரம் இல்லை, வைகையின் குறுக்கே போகிற தரைப்பாதையின் படம். இப்போது வைகை மேல் இருக்கிற ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம் அப்போது கிடையாது. அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் வெளிச்சம் நெடுநேரம் பட வேண்டும். நடந்துகொண்டே இருந்தவர்கள் பதிய மாட்டார்கள், நின்றவர்கள்தான் பதிவார்கள். அதே வைகையைக் கடக்கிற கல்பாலத்துப் பக்கம் வேலை வரும்போதெல்லாம் அந்தப் படம் ஞாபகம் வரும். ஆற்றைக் கடக்கிற ஒரு சாதாரண வழியை எடுக்க அவ்வளவு பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாரே என்று மனசுக்கு நிறைவாக இருக்கும்.

எங்கள் ஊரில் சுவர் என்றால் போஸ்டர். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, பிறந்தநாள் வாழ்த்து என்று ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒரு மழை பெய்தால் மைதாப் பசை ஊறி அடுக்கடுக்காக உரியும். அரசரடிப் பக்கம் நடைபாதை வேலை நடந்தபோது ஒரு சுவரை ஏழெட்டு நாள் தொடர்ந்து பார்த்தேன். மேலே இருந்த தலைவரின் கன்னம் கிழிந்து, உள்ளே ஒரு மணப்பெண்ணின் கை, அதற்கும் உள்ளே ஒரு தாத்தாவின் மூக்குக்கண்ணாடி. ஒருநாள் ஒரு பசு வந்து பசைக்காக அந்தக் காகிதத்தை இழுத்து மென்றது. அது இழுத்த இழுப்பில் அடியிலிருந்து பழைய நீலச் சுண்ணாம்பு வெளியே வந்தது. அந்த நீலத்தைத்தான் எடுத்தேன். வீட்டில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கடலா, வானமா என்று கேட்பார்கள்.

இரவு வெளிச்சமும் மாறிவிட்டது. ஃபிலிம் காலத்தில் பேருந்து நிலையத்தில் எடுத்தால் டியூப்லைட் பச்சையாக விழும், சோடியம் விளக்கு ஆரஞ்சாக விழும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் நிற்கிற ஆளுக்குப் பாதி முகம் ஒரு நிறம், மீதி முகம் இன்னொரு நிறம். இப்போது எல்லாம் எல்.ஈ.டி., ஒரே வெள்ளை. மாட்டுத்தாவணியில் விடியலுக்கு முன் நின்றால் பூமூட்டையோடு இறங்குகிறவர்கள், "திருச்சி, திருச்சி" என்று கூவுகிற கண்டக்டர், கழுவி விட்ட தரையில் தலைகீழாகத் தெரிகிற பஸ் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. அந்தப் பச்சைதான் இல்லை. எனக்கு அது ஒரு குறைதான்.

ஒரு தப்பும் செய்திருக்கிறேன். ஒரு நிழற்குடைக்குப் பில் படம் எடுக்கப் போன இடத்தில், பெரியவர் ஒருவர் செருப்பைத் தலைக்கு வைத்துச் சிமெண்ட் பெஞ்சில் படுத்திருந்தார். துண்டு முகத்தை மூடியிருந்தது. மடக்கிய முழங்காலும் பெஞ்சின் கோடும் அவ்வளவு பொருத்தமாக இருந்தன. எடுத்துவிட்டேன். சத்தம் கேட்டு எழுந்தார்.

"எதுக்குய்யா எடுத்த?"

"சும்மாதான் ஐயா, நல்லா இருந்துச்சு."

"செருப்பத் தலைக்கு வச்சுப் படுத்திருக்கேன். இதுல என்னய்யா நல்லா இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கண்முன்னாலேயே அழித்தேன். பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தூங்குகிறவர்களை நான் எடுப்பதில்லை. விழித்திருக்கிறவர்களிடம் முதலில் பேசுகிறேன், பிறகுதான் கேமரா. பேசினால் இயல்பு போய்விடும் என்று சில இளைய நண்பர்கள் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் பத்து நிமிஷத்தில் இயல்பு திரும்பி வந்துவிடும்.

இனி ஒரு கட்டணக் கழிப்பிடத்துக்கு வருகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், ஒரு சின்ன பேருந்து நிலையத்தில் இருப்பது. மராமத்து முடிந்து படமெடுக்கப் போனது ஒரு ஆனி மாதம். வாசலில் மேஜை போட்டு ஒரு அக்கா காசு வாங்கிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஐந்து ரூபாய். நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி வரிசையாக நிறுத்தியிருந்தார். பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரித்தது. எட்டு மணி வாக்கில் வடக்குச் சுவரில் காற்றுக்காக வைத்திருந்த சிமெண்ட் ஜாலியின் (ஓட்டைத் தட்டியின்) வழியாக வெயில் சாய்வாக இறங்கி, சதுரம் சதுரமாக மேஜையில் விழுந்தது. நாணய அடுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தங்க விளிம்பு, மறுபக்கம் நீண்ட நிழல். அக்காவின் கை ஒரு அடுக்கின் மேல் கடைசி நாணயத்தை வைக்கிறது. கேட்டுவிட்டு எடுத்தேன். கால்மணி நேரம்கூட இல்லை, வெளிச்சம் மேஜையை விட்டு நகர்ந்துவிட்டது.

இன்னும் நன்றாக எடுக்கலாம் என்று மார்கழியில் போனேன். வெயிலே இல்லை. தையில் போனேன், அப்போதும் இல்லை. ஜாலியை யாரோ அடைத்துவிட்டார்களோ என்று வெளியே போய்க்கூடப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறந்து இரண்டொரு நாளில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும், நம் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். அதிலிருந்து ஆவணி பத்து வாக்கு வரை சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. ஆனியில் அது உதிப்பதே கிழக்கிலிருந்து நன்றாக வடக்கே தள்ளித்தான். ஐப்பசியிலிருந்து மாசி வரை வடக்குச் சுவரில் நேர் வெயில் படவே படாது. இத்தனை வருடம் தொழிலில் இருந்தும் இதைக் கழிப்பிட வாசலில்தான் கற்றுக்கொண்டேன். இப்போது என் நோட்டில் இடங்களின் பெயருக்குப் பக்கத்தில் தமிழ் மாதத்தைக் குறித்து வைக்கிறேன்.

மறு ஆனியில் அந்தப் படத்தை அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா கண்ணருகே பிடித்துப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு அடுக்காகத் தொட்டு எண்ணினார். "ஏழு அடுக்கு, அரைகுறையா நாலு காசு. முந்நூத்தி எழுவது. எட்டு மணிக்கெல்லாம் இவ்வளவுன்னா அன்னைக்கு முகூர்த்த நாளா இருக்கும்." பிறகு படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "என் மூஞ்சி எங்க தம்பி?"

கை மட்டும்தான் வந்திருக்கிறது என்றேன். அவர் முகம் வாடியது. எனக்கும் சங்கடமாகிவிட்டது. நாற்காலியை வெளியே வேப்பமர நிழலில் போடச் சொன்னேன். முகம் கழுவி, பவுடர் போட்டு, பக்கத்துக் கடையில் ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாண ஸ்டூடியோவில் பழகியபடி, தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, பொறுமையாக எடுத்தேன். நல்ல படம். அது அவர் வீட்டு டிவி மேல் இருக்கிறதாம்.

இந்த ஆனியிலும் போனேன். மேஜை மேல் ஜிபே அட்டை நிற்கிறது, நாணயம் மூன்றே அடுக்கு. எட்டு மணிக்கு ஜாலி வெயில் வந்து அந்த அட்டையின் பிளாஸ்டிக்கில் பட்டு, எதிர்ச் சுவரில் தண்ணீர் போல ஆடியது. அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"அக்கா, அட்டைய மட்டும் அசைச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.