போட்டி ரோபோ: போர்டு வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

தரையில் வரைந்த கோட்டைப் பின்தொடரும் ரோபோ போட்டிகளில் எங்கள் அணிக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதியவன் நான். முதல்முறை இறங்குகிறவர்கள் எல்லோரும் எந்த போர்டு வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமானது இது: இரண்டு சுற்றுகளுக்கு நடுவே கிடைக்கும் சில நிமிடங்களில், வண்டி ஏன் தடம் மாறியது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியுமா? எங்கள் முடிவுகளை எல்லாம் இதை வைத்துத்தான் எடுத்தோம்.

முதலில் மின்சாரம். எல்298என் மோட்டார் டிரைவர் (மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தித் தரும் சிப்) எங்கும் கிடைக்கும், ஆனால் அது பழைய வகை டிரான்சிஸ்டரில் வேலை செய்வதால் ஏறத்தாழ 2 வோல்ட்டை அதுவே விழுங்கிவிடும். இரண்டு செல் லித்தியம் பேட்டரியின் 7.4 வோல்ட்டில் அது பெரிய இழப்பு. இழப்பு குறைந்த மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர் உள்ள டிபி6612எஃப்என்ஜி டிரைவர் சிறிய கியர் மோட்டார்களுக்குப் போதும். ஒரு சேனலுக்குத் தொடர்ச்சியாக 1.2 ஆம்பியர் தரும். உங்கள் மோட்டார் சிக்கி நிற்கும்போது எவ்வளவு இழுக்கும் என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டாருக்கும் நிரல் ஓடும் கண்ட்ரோலருக்கும் ஒரே ரெகுலேட்டர் (வோல்டேஜை நிலையாக வைக்கும் பாகம்) வேண்டவே வேண்டாம். மோட்டார் சட்டென்று திசை மாறும்போது வோல்டேஜ் சரிந்து கண்ட்ரோலர் ரீசெட் ஆகும். வெளியே பார்ப்பவருக்கு அது அசல் நிரல் பிழை மாதிரியே தெரியும். அதனால் நிரல் தொடங்கும்போது ஓர் எல்இடி மூன்று முறை மின்னும்படி எழுதிவையுங்கள். ஓட்டத்தின் நடுவில் அது மின்னினால் நிரலைத் தொடாதீர்கள், வயரைப் பாருங்கள்.

சரி, இப்போது மென்பொருள். பிஐடி (வண்டி கோட்டிலிருந்து விலகும் அளவை, அதாவது பிழையை, வைத்து மோட்டாரைத் திருத்தும் முறை) என்றதும் அதன் 'பி', 'ஐ', 'டி' என்ற மூன்று எண்களைத் தேடி அலைய ஆரம்பிக்கிறோம். அதற்கு முன் லூப் நேரம், அதாவது சென்சாரைப் படித்து மோட்டாரைத் திருத்தும் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், நிலையாக இருக்க வேண்டும். 'டி' என்பது பிழை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்ற கணக்கு. ஒரு சுற்று 2 மில்லிசெகண்டிலும் அடுத்தது 20 மில்லிசெகண்டிலும் முடிந்தால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. இதைக் கெடுப்பது பெரும்பாலும் அளவுகளைக் கணினிக்கு எழுத்து எழுத்தாக அனுப்பும் சீரியல் பிரிண்ட்தான். 9600 பாட் வேகத்தில் ஒரு எழுத்து வெளியேற 1 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல் ஆகும். அனுப்ப வேண்டிய எழுத்துகள் காத்திருக்கும் பஃபர் நிரம்பிவிட்டால் லூப் முழுக்கக் காத்து நிற்கும். ஓடும்போது அளவுகளை ரேமில் சேமித்து, நின்ற பிறகு வெளியே எடுங்கள்.

நாங்கள் வயர்லெஸ் வசதியுள்ள இஎஸ்பி32 கண்ட்ரோலர் பக்கம் போனதற்குக் காரணமும் இதுதான். வேகத்தைப் பொறுத்தவரை ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டின் 16 மெகாஹெர்ட்ஸே இந்த வேலைக்குத் தாராளம். ஆனால் அதில் ரேம் 2 கிலோபைட் மட்டுமே, ஒரு முழு ஓட்டத்தின் பதிவு அதில் அடங்காது. இஎஸ்பி32-இல் 520 கிலோபைட் இருக்கிறது. பதிவைப் பார்த்தால், திருப்பத்துக்கு முன்பே சென்சார் கோட்டை இழந்ததா, சென்சார் பார்த்தும் மோட்டார் திரும்பவில்லையா என்பது தெளிவாகத் தெரியும். அங்கே வாக்குவாதமே எழாது. ஓட்டத்தின்போது வயர்லெஸ் அனுமதி உண்டா என்று போட்டி விதிகளைப் படித்துவிட்டு, இல்லையென்றால் நிரலிலேயே அணைத்துவிடுங்கள்.

டியூனிங்கைக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். பிழையின் அளவுக்கேற்பத் திருத்தும் 'பி'யை வண்டி ஆட ஆரம்பிக்கும் வரை ஏற்றி, அப்புறம் 'டி'யைக் கூட்டி ஆட்டத்தை அடக்கலாம். பிழையைக் கூட்டிக்கொண்டே வரும் 'ஐ' பெரும்பாலும் பூஜ்ஜியமாகவே இருக்கட்டும். இங்கே அதன் தேவை குறைவு, நீண்ட வளைவில் பிழை சேர்ந்துகொண்டே போய் வெளியேறும் இடத்தில் வண்டியைத் தள்ளிவிடும். முழு சார்ஜில் 8.4 வோல்ட் இருக்கும் பேட்டரி ஓட ஓட இறங்கும். காலையில் கச்சிதமாக ஓடிய எண்கள் மதியம் மந்தமாக இருப்பதற்கு இதுவே காரணம். பேட்டரி வோல்டேஜை அளந்து மோட்டாருக்குப் போகும் பிடபிள்யூஎம் (வேகமாக ஆன், ஆஃப் செய்து மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிக்னல்) மதிப்பை அதற்கேற்பத் திருத்துவது சில வரி நிரல்தான், பலன் மிகப் பெரியது.

சந்திப்புகளில் திரும்ப டிலே போடும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காக விடுங்கள். இத்தனை மில்லிசெகண்ட் என்று திருப்பினால் பேட்டரிக்கு ஏற்பக் கோணம் மாறும். சக்கரம் எவ்வளவு சுழன்றது என்று எண்ணும் என்கோடரின் எண்ணிக்கையை வைத்துத் திருப்பினால் மாறாது. கோட்டில் செல்வது, திரும்புவது, கோட்டைத் தேடுவது, நிற்பது என்று தனித்தனி நிலைகளாகப் பிரித்து எழுதி, நிலை மாறும் ஒவ்வொரு கணத்தையும் பதிவில் சேருங்கள்.

ஆர்ஓஎஸ் (ரோபோக்களுக்கான பெரிய மென்பொருள் கட்டமைப்பு) தேவையா என்று கேட்பவர்களுக்கு: கேமரா, வரைபடம், பாதைத் திட்டம் எல்லாம் இருந்தால் தேவை. கோட்டு ரோபோவுக்கு அது சுமை.

போட்டி இடத்து வெளிச்சம் உங்கள் ஆய்வகத்து வெளிச்சமாக இருக்காது. ஒவ்வொரு சென்சாருக்கும் வெள்ளையிலும் கறுப்பிலும் வரும் அளவுகளை ஒரு பட்டனை அழுத்தி அங்கேயே எடுக்க வழி வையுங்கள். லேப்டாப் இல்லாமல் அணியில் யார் வேண்டுமானாலும் அதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.